மூலையில் விழுந்த ரிங்

முத்துக்கனிக்குப் பேய்ப் பயம் கிடையாது. அய்யாவழிக் குடும்பத்தில் பிறந்தவள். "பேயை எல்லாம் அய்யா எப்பவோ எரிச்சாச்சு, பின்ன எங்கருந்துட்டி வரும்?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு, பொழுது சாய்ந்ததும் நேரே சூளைவிளைக்குப் போய், ஒருத்தரும் கால் வைக்காத அந்தப் புல்லுக்குள் நின்றுகொண்டிருப்பாள். செத்துப்போன மகள் கண்ணில் படுவாளா என்று பார்க்கத்தான் போகிறாள் என்பது தெருவுக்கே தெரியும். அதை அவளிடம் கேட்கத்தான் எங்களில் ஒருத்திக்கும் வாய் வரவில்லை.

எனக்கும் வரவில்லை. இத்தனைக்கும் நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். கல்யாணமாகி இருவரும் நாகர்கோவிலில் ஒரே தெருவுக்கு வந்து சேர்ந்தது ஆண்டவர் செயல். அவள் வீட்டுப் பின்பக்கம் பெரிய உருளி வைத்து நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்து பேக்கரிகளுக்குக் கொடுக்கிறாள். நான் தெருக் கோடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடை வாசலில் மெஷினைப் போட்டால் எதிரே சூளைவிளை. வேண்டாம் என்றாலும் அதைப் பார்த்துக்கொண்டேதான் மிதிக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் அங்கே செங்கல் சூளை இருந்ததாம். சூளை நின்று போய், மண் குழைக்க வெட்டிய கிணறு மட்டும் மிச்சம் இருந்தது. தெருவுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் கிடக்கிற இடம் என்பதால் எல்லாரும் குறுக்கே நடந்துதான் போவோம். நாளடைவில் கிணற்றுச் சுவர் இடிந்து, கொடி மூடி, கிணறு என்று ஒன்று இருப்பதே பழகிய கால்களுக்குத்தான் தெரியும் என்றாகிவிட்டது.

பழகிய காலும் ஒரு நாள் தப்பியது. முத்துக்கனியின் மகள் சபிதா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஐப்பசி மாதத்து அடைமழை, கரண்டும் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, குடையை விரித்துக்கொண்டு, குறுக்கே நடந்திருக்கிறாள். மறுநாள் தீயணைப்புக்காரர்கள் வந்து எடுத்தார்கள். 'விழுந்தாளா, குதித்தாளா' என்று அப்போதே இரண்டு பேர் குசுகுசுவென்று பேசினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைத் தூக்கி எறியாதது பெரிய காரியம். முந்தின நாள்தான் சுடிதாருக்கு அளவு கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "கைக்குக் கொஞ்சம் லூஸ் வைங்கோ சித்தி" என்று சொல்லிவிட்டுப் போன பிள்ளை கிணற்றில் குதிக்குமா?

பிறகு லாரி லாரியாக மண் கொட்டிக் கிணற்றை மூடினார்கள். இருக்கிறபோது ஒரு கூடை மண்ணுக்கு வழியில்லை, போன பிறகு லாரி.

கிணறு மூடிய பிறகுதான் பேச்சு ஆரம்பித்தது. குடை பிடித்துக்கொண்டு நின்றாள் என்று ஒருவர். பஸ் நிறுத்தத்தில் இருந்து பின்னாலேயே வந்தாள் என்று இன்னொருவர். யாரும் பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். பயந்த கண்ணுக்கு எதுவும் தெரியும். நானே ஒரு மழை நாளில் கடையைச் சாத்தும்போது அந்தப் பக்கம் என்னவோ வெள்ளையாக அசைவதைப் பார்த்து, பூட்டைப் போடாமலே வீட்டுக்கு ஓடி வந்திருக்கிறேன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம் மங்கினால் தெரு அடங்கிவிடும். பெண்பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைச் சுற்றி வந்தார்கள். அந்த ரோட்டில் நடைபாதையும் கிடையாது, லாரி மட்டும் உரசிக்கொண்டு போகும். சாயங்கால வேலைக்குப் போன இரண்டு பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். குடிக்கிறவர்களுக்கு மட்டும் எந்த இசக்கியும் பேயும் கண்ணில் படாது போலிருக்கிறது. அவர்கள் சூளைவிளையைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். குப்பை வந்தது. குப்பையோடு நாய் வந்தது. ஒரு ஊர் எப்படிக் கெட்டுப்போகும் என்று யாராவது கேட்டால் நான் எங்கள் தெருவைக் காட்டுவேன்: மாலை நேரத்தில் பெண்கள் வெளியே நிற்காத தெரு பாதி செத்த தெரு.

இந்த நிலைமையில்தான் இரண்டு ஆலோசனைகள் ஒரே சமயத்தில் வந்தன.

மாநகராட்சி அந்த இடத்தில் விளையாட்டுத் திடல் போடப்போவதாகச் சொன்னது. சிமெண்டுத் தளம், வலை, நாலு மூலைக்கும் விளக்கு. அக்கம்பக்கத்து ஜனங்கள் விளையாடினால் இடமும் சுத்தமாகும், உடம்பும் நல்லாகும், பயமும் போகும் என்று கவுன்சிலர் மைக்கில் பேசினார்.

இன்னொன்று எங்கள் தெருச் சங்கத்துத் தலைவர் கிருஷ்ணமணி அண்ணாச்சியின் ஆலோசனை. எங்கள் பக்கத்தில் வழக்கம் உண்டு. கல்யாணமாகாத பெண் ஆயுசு முடியாமல் செத்தால், அவளுக்குப் பீடம் போட்டு, பட்டுச் சாத்தி, வருசத்துக்கு ஒரு கொடை விழா கொடுப்பார்கள். அலைகிறவள் அதோடு அடங்கி, ஊரைக் காக்கிற அம்மன் ஆகிவிடுவாள் என்பது நம்பிக்கை. கிணறு இருந்த மூலையில் சபிதாவுக்குப் பீடம் வைக்கலாம் என்றார் அண்ணாச்சி. ஆனால் பெற்றவள்தான் முதல் விளக்கை ஏற்ற வேண்டும். அவள் ஏற்றாவிட்டால் பீடம் கிடையாது.

சங்கத்துக்காரர்கள் முத்துக்கனி வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நல்லதுக்குத்தான் சொல்லுகேன் முத்துக்கனி. அவளும் அடங்குவா, தெருவும் நிம்மதியா இருக்கும்" என்றார் அண்ணாச்சி. நல்ல மனுசர்தான். அன்று கிணற்றோரம் இரவெல்லாம் குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றவர்.

அவள் புருசன் நாராயணபெருமாள் மஸ்கட்டில் இருக்கிறார். அவரைப் போனில் பிடித்து, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்கள். "வெச்சிருட்டி. அவளுக்குன்னு சொல்லி ஒரு இடமாவது இருக்கட்டும். நான் ஊருக்கு வந்தா போய் நிக்க ஒரு இடம் வேண்டாமா?" என்று சொல்லிவிட்டு அந்த மனுசர் அழுதார்.

முத்துக்கனி போனை வாங்கி அணைத்தாள். பிறகு அண்ணாச்சியைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்க மவளுக்கு நாயைக் கண்டாலே பேடி அண்ணாச்சி. ரோட்டுல நாய் படுத்திருந்தா என்னைப் போன் பண்ணி வரச்சொல்லுவா. அவளைக் கண்டு ஊருப் பிள்ளைய எல்லாம் பேடிச்சு ஓடணுமா? பீடம் வேண்டாம். பிள்ளைய விளையாடட்டும்."

பெற்றவள் வேண்டாம் என்றால் அதற்கு மேல் பேச்சு இல்லை. திடல் வந்தது.

வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. தளம் போட வந்தவர்களும் நம்மூர்க்காரர்கள்தானே. கிணற்றுக் கதையைக் கேட்டதும், அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டுச் சிமெண்டு போட்டார்கள். சதுரத் திடலில் ஒரு மூலை வெறும் மண்ணாகக் கிடந்தது. மேற்பார்வைக்கு வந்த இன்ஜினீயர் ஏன் என்று கேட்டார். காரணத்தைச் சொன்னார்கள். அவரும் ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்று, சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் அந்த மூலையில் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. யார் கட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

விளக்குப் போட்ட நாளில் கூட்டம் வந்தது, லட்டு தின்றது, போய்விட்டது. அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கை வரவில்லை. நாலு விளக்கும் எரிய, நடுவில் வலை மட்டும் காற்றில் ஆட, யாருமே இல்லாமல் கிடந்தது திடல். சும்மா சொல்லக்கூடாது, இருட்டாக இருந்தபோதே தேவலை. இருட்டில் ஒன்றும் தெரியாது. வெளிச்சத்தில் யாருமில்லை என்பது தெரிந்தது. நான் மெஷினைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு தைத்தேன்.

ஒரு சாயங்காலம் முத்துக்கனி கடை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு ரப்பர் ரிங்.

"வாறியா?"

"எங்கட்டி?"

"விளையாட."

பள்ளிக்கூடத்தில் நாங்கள் இருவரும் ரிங் ஆட்டத்தில் ஜோடி. வலைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். வருகிற வளையத்தை ஒற்றைக் கையால் பிடித்து, பிடித்த கையாலேயே எறிய வேண்டும், கீழே விழக்கூடாது. மாவட்ட அளவில் தோற்றுத் திரும்பி வந்தவர்கள் நாங்கள். அதெல்லாம் ரெட்டைச் சடை காலத்துக் கதை. "மூட்டு வலிக்காரியைக் கொல்லப் பாக்கியா?" என்றேன். அவள் ரிங்கை என் மெஷின் மேல் வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்ல நெஞ்சு எனக்கு இல்லை.

நைட்டிக்கு மேலே துண்டைப் போட்டுக்கொண்டு இரண்டு கிழங்கட்டைகள் சிமெண்டுத் தளத்தில் ரிங் எறிந்தோம். மூன்றாவது எறியிலேயே எனக்கு மூச்சு முட்டியது. மாடியில் நின்று பார்த்துச் சிரித்தவள் இர்ஷாதா. திடலை ஒட்டிய வீட்டுக்காரி, வாய் நீளம். "சிரிக்கியல்ல, எறங்கி வந்து ஒரு கை பிடியேன்" என்று கத்தினேன். வந்தாள். பிடிக்கவும் செய்தாள். மறுநாள் அவளோடு இன்னும் இரண்டு பேர். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்து, பால் பொங்கி வழிந்த பிறகும் போகாமல் நின்றவர்கள் உண்டு.

பெண்கள் இறங்கிய பிறகு பிள்ளைகள் வந்தார்கள். ஒரே வலையில் கொஞ்ச நேரம் அவர்களுடைய வாலிபால், கொஞ்ச நேரம் எங்கள் ரிங். நேரம் வைத்துப் பிரித்துக்கொண்டோம். குடிகாரர்களுக்கு இருபது பெண்கள் பார்க்கக் குடிப்பது சங்கடமாக இருந்திருக்கும், வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். குப்பை போட வந்தவனை இர்ஷாதா ஒரு நாள் விட்ட டோஸில் அவன் குப்பையோடு திரும்பிப் போனான். பஸ்ஸை விட்டு இறங்கிய பிள்ளைகள் குறுக்கே நடந்து வர ஆரம்பித்தார்கள். என் சர்க்கரைகூடக் குறைந்தது. டாக்டர் மாத்திரையை மெச்சினார், நான் திருத்தவில்லை.

ஆனால் அந்த மூலை இருந்ததே.

அம்மன் குடியிருக்கிற காவுத் தோப்புக்குள் விழுந்த மாங்காயை எங்கள் ஊரில் யாரும் எடுக்க மாட்டார்கள். காற்றில் விழுந்தாலும் கல்லெறிந்து விழுந்தாலும், உள்ளே விழுந்தது உள்ளே இருப்பவளுக்கு. அதே கணக்கை யாரும் சொல்லாமலே எல்லாரும் இந்த மூலைக்கும் போட்டுவிட்டார்கள். பந்தோ ரிங்கோ மண்ணில் விழுந்தால் ஆட்டம் நின்றுவிடும். பிள்ளைகள் விளிம்பு வரை ஓடிப்போய், பிரேக் போட்ட மாதிரி நிற்பார்கள். எல்லாரும் முத்துக்கனியைப் பார்ப்பார்கள். அவள் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் எடுத்து வருவாள். "இந்தா, தந்துட்டா" என்று சொல்லி எறிவாள்.

முதலில் அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. சபிதாவின் அம்மாவே விளையாடும்போது நமக்கென்ன பயம் என்றுதான் பல பேர் பிள்ளைகளை அனுப்பினார்கள். ஆனால் போகப்போக, அவள் எடுக்கப் போனால் திரும்பி வர நேரமானது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். உதடு அசைவது பக்கவாட்டில் தெரியும். சில நாள் வேண்டுமென்றே அந்தப் பக்கம் எறிகிறாளோ என்றும் பட்டது. அவ்வளவு நன்றாகக் குறி பார்க்கிறவளின் ரிங் தினமும் மூலைக்குப் போவதாவது. அவளுக்குக் காய்ச்சல் வந்த நாலு நாளும் திடலுக்கு ஒருவரும் வரவில்லை. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. கல்லும் பட்டும் இல்லாமலே பீடம் வைத்தாகிவிட்டது. பெற்றவள் அதற்குப் பூசாரியாகியும் விட்டாள். நாளைக்கு இவள் படுக்கையில் விழுந்தால் திடல் மறுபடி இருட்டு. அதைவிட, இவளே அந்த மூலைக்குள் போய்விடுவாளோ என்றுதான் பயந்தேன்.

காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"பீடம் வேண்டாம்னு நீதானட்டி சொன்ன? இப்ப நீ செய்யது என்ன?"

அவள் காய் சீவிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "அவ நிக்கா ஜெயா."

சீவிய காயைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"நான் போனா கொஞ்சம் ஒதுங்கி நிக்கா. முகம் தெரியாது. நனஞ்சிருக்கா, அது தெரியும். முன்ன எல்லாம் தூரத்துல நிப்பா. இப்ப நம்ம சத்தத்தைக் கேட்டுக் கிட்ட வாறா. பிள்ளைய சிரிக்கத அவளுக்குப் பிடிக்கும். ஒரு நாள் சிமெண்டுல கால் வெச்சு ஏறி வருவா. நீ வேணும்னா பாரு."

"பேயை எல்லாம் அய்யா எரிச்சாச்சுன்னு சொல்லுவியே?"

"பேயத்தான் எரிச்சாரு. இவ எனக்க பிள்ளயில்லியா."

பிறகுதான் எனக்கு விளங்கியது. அவள் திடல் கேட்டது ஊருக்காக மட்டும் இல்லை. கல்லில் அடைத்துவிட்டால் மகள் அங்கேயே நின்றுவிடுவாள். வெளிச்சமும் சத்தமும் இருந்தால் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று நம்பித்தான் பீடத்தை மறுத்திருக்கிறாள். எங்கள் சிரிப்பையும் கூச்சலையும் வைத்து அவள் மகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகு ரிங் எறியவே எனக்குக் கை கூசியது. எறியாமல் இருக்கவும் முடியவில்லை. நான் நின்றால் அவள் தனியாகப் போய் நிற்பாள்.

மறு வருசக் கார்த்திகை பிறந்து மழை விட்டிருந்த சமயம், இர்ஷாதா வீட்டு மாடிக்குப் புதிதாகக் குடிவந்தாள் அஸ்வதி. தக்கலைப் பக்கத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். சபிதா இருந்தால் அந்த வயசுதான் இருக்கும். அவளிடம் யாரும் கிணற்றைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் வீட்டைக் காலி செய்துவிடுவாளோ என்று இர்ஷாதாவுக்குப் பயம். இர்ஷாதா சொல்லட்டும் என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

முதல் நாளே சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு விளையாட வந்தாள். என் பக்கத்தில் அவள், எதிரே முத்துக்கனியும் இர்ஷாதாவும். வெயில் இன்னும் முழுசாக இறங்கவில்லை. முத்துக்கனி எறிந்த ரிங் எங்கள் தலைக்கு மேலே போய் மூலையில் விழுந்தது.

ஆட்டம் நின்றது. முத்துக்கனி வலையைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள், அஸ்வதி ஓடிவிட்டாள். செருப்போடு ஓடினாள். சிவப்புத் துணிக் குச்சியைக் கையால் ஒதுக்கி, குனிந்து, ரிங்கை எடுத்து, அதில் ஒட்டிய மண்ணைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். முறைக்குக் காத்திருந்த வாலிபால் பிள்ளைகள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். இர்ஷாதா வாயில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கு முத்துக்கனியைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

அவள் அஸ்வதியிடம் வந்தாள். திட்டுவாள், அடித்தாலும் அடிப்பாள் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளையின் தோளைத் தொட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"மக்கா, அங்க யாராவது நின்னுட்டு இருந்தாவளா?"

"எங்க அத்தை?"

"அங்க. ரிங் கிடந்த இடத்துல."

அஸ்வதி திரும்பி அந்த மூலையைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள், நர்ஸ் பிள்ளை அல்லவா, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று.

"யாரும் இல்லியே அத்தை. கொஞ்சம் நெருஞ்சி முள்ளு இருக்கு, அவ்வளவுதான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேனே. வெறும் மண்ணுதான்."

முத்துக்கனியும் அந்த மூலையைப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது, அவள் கண்ணை எடுக்கவில்லை. எங்களுக்குத் தெரியாத எதையோ பார்ப்பவள் போலத்தான் எப்போதும் நிற்பாள். அன்று அப்படி இல்லை. நாங்கள் பார்த்ததைத்தான் அவளும் பார்த்தாள்.

பிறகு காலை நீட்டிச் சிமெண்டில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் நெஞ்சில் அறைந்துகொண்டு, "எனக்க மக்கா" என்று ஒரு சத்தம் போட்டாள். சபிதாவைக் கொண்டுவந்து கிடத்திய அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. அன்று எல்லாருக்கும் காப்பி கொடுத்தார்களா என்று கேட்டுக்கொண்டு நடந்தவள் அவள். இப்போது அழுதாள். பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தோம், சாவு விழுந்த துட்டி வீட்டில் உட்காருகிற மாதிரி. இர்ஷாதா அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பொய்யி ஜெயா, எல்லாம் பொய்யி, அவ அங்க இல்ல, எங்கயும் இல்ல" என்று முத்துக்கனி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அஸ்வதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளிறிப்போன முகத்தோடு எங்கள் பின்னால் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்தில் குனிந்து, பயந்த குரலில் கேட்டாள்.

"அத்தை, யாரு செத்துட்டா?"

"சபிதா," என்றேன். "இவளுக்க மவ. இப்பதான்."